டப்பிக்குக் குரல் கொடுத்தவர்

ஊரையே சிரிக்க வைத்த அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பேர் உண்டு, நான் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊரில் கேபிள்காரர் என்றால் போதும். உடையார்பாளையத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. அதைச் சுற்றி ஏழெட்டு ஊருக்கு டிவி ஒயர் இழுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஒல்லியான ஆள். சட்டையில் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருப்பார். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அவரைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. பயந்திருக்க வேண்டும்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒரு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். அதில் நான் ஏமாந்தது இவர் ஒருத்தரிடம்தான்.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி டிவியில் அதிகம் ஒன்றும் வராது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய மச்சினன் ஒரு பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் ஒரே பொம்மைப் படம். வாராவாரம் தொடர்ந்து போகிற கதை. வானத்தில் ஒரு கப்பல் போகும். அதற்குள்ளே நாலு பிள்ளைகள், ஒரு கிழட்டு விஞ்ஞானி, ஒரு இரும்புப் பொம்மை. வேற்று கிரகத்து ராஜா ஒருவன் அவர்களைத் துரத்திக்கொண்டே வருவான். அவர்கள் பேசின பாஷை என்னவென்று எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

'என்ன சொல்றான், என்ன சொல்றான்' என்று பிள்ளைகள் அவரைக் குடைந்து எடுத்தன. அவர் என்ன செய்தார், கல்யாண வீட்டில் கட்டுகிற மைக் ஒன்றை வாங்கி வந்தார். படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் தன் அறையில் உட்கார்ந்து தானே தமிழில் பேசி, ஒயர் வழியாக எல்லா வீட்டு டிவிக்கும் விட்டார். கதை அவருக்கும் தெரியாது. வாய் அசைகிறதைப் பார்த்துப் பார்த்து இட்டுக்கட்டினார். கிழவன் குரல், பிள்ளைகள் குரல், ராஜா குரல் எல்லாம் அந்த ஒரு தொண்டையிலிருந்துதான். வானத்துக் கப்பலில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும். விஞ்ஞானி ரேஷன் கடைக்காரனைத் திட்டுவார். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஏரித் தண்ணீருக்குச் சண்டை நடக்கும். வானத்தில் இருக்கிறவர்களும் நம்மைப் போலத்தான் என்று எங்கள் பிள்ளைகள் நம்பி வளர்ந்தன.

அந்தச் சமயம் சிமெண்டுக்குக் கல் எடுக்க நிலம் கேட்டு ஒரு தரகர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைக் கனைத்து, 'உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்பார். ஒரு சனிக்கிழமை வேற்று கிரகத்து ராஜா அதே மாதிரி தொண்டையைக் கனைத்தான்.

'உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பூமிய எழுதிக் குடுத்துட்டு, எல்லாரும் செவ்வாய்க்குப் போயிடுங்க. அங்க காத்தோட்டமா இருக்கும்.'

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தத் தரகர் டீக்கடையில் வாயைத் திறந்தால் போதும், சுற்றிலும் பிள்ளைகள் கனைத்தன. அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். மனு கொடுத்து நடக்காதது ஒரு கனைப்பில் நடந்தது. கோயில் திருவிழாவில் கேபிள்காரருக்கு மாலை போட்டார்கள். தரகரை விரட்டினதற்காக இந்த மாலை என்று யாராவது சொல்லிப் போட்டிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசம் பிறந்தால் பணம் வாங்க அவரே வீடு வீடாக வருவார். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. பணம் கைக்கு வந்த பிறகும் போக மாட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்பார். 'அப்புறம், சொல்லுங்க' என்பார். நாம் பேச ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

'என்னங்க, தூங்கிட்டீங்களா?'

'இல்லக்கா, நீங்க பேசுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.'

என்ன சொல்கிறோம் என்பது அவருக்கு வேண்டியதில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறோம், எந்தச் சொல்லில் குரல் உடைகிறது, அதுதான் வேண்டும். எங்கள் தெருவில் ஒருத்தி தன் மாமியார் செத்த கதையை அழுது அழுது சொல்லி முடித்தாள். கண்ணைத் திறந்து, 'செத்தது யாருக்கா?' என்று கேட்டாராம்.

தன்னைப் பெற்றவளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தம்மாவுக்கு இழுப்பு நோய். கடைசி நாட்களில் மூச்சு மேலே ஏறி, நின்று, விசில் மாதிரி இறங்கும். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அவள் போய்ச் சேர்ந்து காரியமெல்லாம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை படத்தில் நட்சத்திர ராணி ஒருத்தி செத்தாள். ராணிக்கு அதே இழுப்பு. ஏறி, நின்று, விசிலாக இறங்கியது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை எழுந்துபோய் வாசலில் வாந்தி எடுத்தாள். பிள்ளைகள் கைதட்டின.

'ஏண்ணே இப்படிப் பண்ணின?' என்று தங்கை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

'அம்மா போகும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அந்தச் சத்தம் ஒண்ணைத்தான் விட்டுட்டுப் போச்சு. அதை நான் எங்க கொண்டுபோயி வெக்கிறது?'

இதைக் கேட்டபோது அந்த ஆள்மேல் எனக்கு இரக்கம் வந்தது. என் வீட்டுப் பக்கம் அவர் திரும்புகிற வரைக்கும் அந்த இரக்கம் இருந்தது.

என் மகளுக்குப் பேச்சு திக்கும். சொல் வராமல் நின்றால் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாள், வந்துவிடும். வீட்டில் அது ஒரு குறையாகவே எங்களுக்குத் தெரியாது. அவள் தட்டுகிற வரைக்கும் காத்திருப்போம், அவ்வளவுதான். நாங்கள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர்கள். வீட்டில் டிவி கிடையாது. அவர் பணம் கேட்டு வர வேண்டிய வீடே இல்லை. ஆனாலும் ஒரு நாள் வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். மகள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். 'எத்தனாவது படிக்கிற பாப்பா?' என்று கேட்டிருக்கிறார். அஞ்சாவது என்று சொல்ல அவள் பட்ட பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

படத்தில் வருகிற இரும்புப் பொம்மைக்கு அதுவரை பேச்சு கிடையாது. கீச் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவந்தார். பிள்ளைகள் அதற்கு டப்பி என்று பேர் வைத்திருந்தன. அந்தச் சனிக்கிழமை டப்பி பேசியது.

'அ... அ... அ...' என்று நின்றது. படத்தில் அந்தப் பொம்மைக்குக் கையால் இடுப்பைத் தட்டுகிற பழக்கம் உண்டு. அதை அவர் பார்த்துவைத்திருந்தார். கை தட்டின நேரத்தில் சரியாக, 'அஞ்சாவது' என்று சொல்லை விட்டார்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் என் மகளும் மற்ற பிள்ளைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலில் இருந்த அத்தனை முகமும் டிவியை விட்டு அவள் பக்கம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவர் வாசலில் போய் நின்றேன்.

'தம்பி, ஒரு பச்சைப் புள்ளையோட வாயப் புடுங்கி பொம்மைக்கு வெச்சிட்டியே, உனக்கே அடுக்குமா?'

'யாரு புள்ளைக்கா?'

'என் புள்ளதான்.'

'உங்க புள்ளைன்னு நான் எங்கயாச்சும் சொன்னேனா? டப்பின்னுதான சொன்னேன். நீங்கதான் நடுத்தெருவுல நின்னு என் புள்ள என் புள்ளைன்னு சொல்றீங்க.'

சுற்றி நின்ற நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 'அடுக்குமா? அடுக்குமா?' என்று கேட்டுக்கொண்டே போனேன். பாதியில் பார்த்தால் அவர் கண் மூடியிருந்தது. சட்டென்று வாயை அடைத்தேன். அடைத்து என்ன, வேண்டியதை எடுத்துக்கொண்டாயிற்று. அடுத்த வாரம் டப்பியைத் தேடிக்கொண்டு அதன் அம்மா வந்தாள். பெரிய இரும்புச் சட்டி மாதிரி ஒன்று. கப்பல் கதவைத் தட்டி, 'அடுக்குமா? அடுக்குமா?' என்று கேட்டாள். பல வருஷம் ஊரில் என்னை அடுக்குமா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அது தோலில்கூடப் படவில்லை. கூப்பிட்டால் 'என்னடா' என்று திரும்பி நிற்பேன், கூப்பிட்டவன் ஓடிவிடுவான். என் மகளுக்கு என் தோல் வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதை விட்டாள். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் கையை நீட்டி அடி வாங்கிக்கொண்டாள். என்னிடம் மட்டும்தான் பேசினாள், அதுவும் கதவைச் சாத்திவிட்டு.

கேசட் தீர்ந்ததும் படம் நின்றுபோயிற்று. டப்பி என்று மகளுக்கு விழுந்த பேர் நிற்கவில்லை. அவளுக்குக் கல்யாண வயசு வந்தபோது, வரன் கொண்டுவந்த கல்யாணத் தரகரிடம் நான் முதலில் கேட்டது, 'அந்த ஊருல யாரு கேபிள்?'

அவர் குழம்பிப்போனார். 'ஏம்மா, நெலம் இருக்கான்னு கேப்பாங்க, குடிப்பானான்னு கேப்பாங்க. நீ என்ன, டிவி பாக்கவா பொண்ணக் கட்டிக் குடுக்குற?'

'கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.'

இவருடைய ஒயர் எந்தெந்த ஊர்க் கம்பத்தில் போகிறது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துவைத்திருந்தேன். அந்த ஒயர் ஓடுகிற ஊரில் தங்கக் கட்டியே மாப்பிள்ளையாக வந்தாலும் வேண்டாம் என்றேன். ஊரில் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். அரியலூரும் தாண்டி, பெரம்பலூரில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருந்த பையன் பெண் பார்க்க வந்தான். 'இவ பேசறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்' என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

'பரவால்லங்க, எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல' என்றான்.

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

அந்தக் கடையில் என் மகளுக்குப் பேச்சு வந்தது. இழுத்து, பாட்டு மாதிரி சொன்னால் அவளுக்குத் திக்குவதில்லை. அதை அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். கல்லாவில் உட்கார்ந்து, 'ரெண்டு தோசே, அதுல ஒண்ணு முறுகலே' என்று உள்ளே குரல் கொடுப்பாள். எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிரைவர்கள் அந்தக் குரலுக்காகவே வண்டியை ஓரங்கட்டுவார்கள். 'யக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க, அப்பதான் பூரி உப்பும்' என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பப் பாடுவாள். நான் போகும்போதெல்லாம் ஒரு ஓரமாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உலகத்தில் நான் சம்பாதித்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

போன வருஷம் அந்தப் பொம்மைப் படம் மறுபடி வந்தது. புதிதாக வரைந்து, பளபளவென்று, டிவிக்காரர்களே தமிழில் பேசவைத்து விட்டிருந்தார்கள். கடையில் இருக்கிற டிவியில் பேத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கப்பல், அதே நாலு பிள்ளைகள். டப்பி வந்தது. பேர்கூட வேறு என்னவோ. செய்தி வாசிக்கிற பெண் மாதிரி நிறுத்தாமல் கோர்வையாகப் பேசியது. என் மகள் கையில் தட்டோடு நின்று கடைசி வரை பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம், 'ந... நல்லாப் பேசுதும்மா' என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். விட்டது சனி என்று நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

ஆனால் எங்கள் ஊரில் அன்றைய பிள்ளைகளெல்லாம் இன்றைக்குத் தொந்தியும் நரையுமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுப் படம் பிடிக்கவில்லை. 'இதெல்லாம் ஒரு டப்பியா? நம்ம டப்பி மாதிரி வருமா?' என்று கூடிப் பேசினார்கள். கேபிள் தொழில் போய் வீட்டில் சும்மா இருந்தவரைத் தேடிப்போய், சால்வை போர்த்தி, புதுப் படத்துக்கு அவரைப் பழையபடி பேசவைத்தார்கள். அதைப் போனில் ஏற்றிவிட்டார்கள். வாராவாரம் சனிக்கிழமை. போனுக்கு ஒயர் கிடையாது. எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பார்க்க முடியாது.

நான் பெரம்பலூரில் இருந்த ஒரு சாயங்காலம் அது கடைக்கு வந்தது. பேத்தி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

'அம்மாயி, இங்க பாரேன், டப்பி அம்மா மாதிரியே பேசுது.'

பிள்ளைக்கு அதில் எத்தனை சந்தோஷம். தோசைக்குக் காத்திருந்த ஒருத்தர் எட்டிப் பார்த்தார். அரியலூர்ப் பக்கத்து ஆள். 'அட, இது எங்க ஊரு டப்பியாச்சே. இதுல ஒரு கதை இருக்கு தெரியுமா பாப்பா? அங்க ஒரு திக்குவாய்ப் பொண்ணு இருந்துச்சு. அதப் பாத்துதான் இதச் செஞ்சாங்க. பள்ளிக்கூடத்துல நாங்க அத என்ன பாடு படுத்தியிருக்கோம்' என்று தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார். பேத்தி சிரித்தாள். அடுத்த மேசைக்காரர்களும் சிரித்தார்கள். கல்லாவில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியாது. மருமகனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளாக அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பரிதாபமாகப் பார்த்தார்.

யாரோ ஊத்தப்பம் கேட்டார்கள். மகள் வாயைத் திறந்தாள். ராகம் வரவில்லை. சொல்லும் வரவில்லை. கை தொடைப் பக்கம் போனது. அத்தனை பேர் பார்க்க, பாதியில் நின்றுவிட்டது.

காலையில் முதல் பஸ் பிடித்து ஊருக்கு வந்து, நேரே கேபிள்காரர் வீட்டுக்குப் போனேன். பல் கட்டியிருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. நாற்காலி எடுத்துப் போட்டார். கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் என் வாழ்நாளில் செய்யாததைச் செய்தேன்.

'தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். டப்பிய அப்படிப் பேச வெக்காத. அவ அங்க கடையில வாயத் தொறந்துதான் பொழைக்கணும்.'

'நீங்க கெஞ்சி நான் கேட்டதே இல்லையேக்கா' என்றார். கண்ணை மூடுகிறாரா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடவில்லை. 'சரிக்கா. நீங்க இவ்வளவு தூரம் சொல்லிட்டீங்க. இனிமே டப்பி ஒரு வார்த்தை பேசாது. போதுமா?'

'சத்தியமா?'

'என் தொண்டை மேல சத்தியம்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லா இருப்பா என்று அவர் தலையில் கை வைத்துவிட்டு வந்தேன்.

மகளைத் தேற்றி, ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது என்று சொல்லிக் கல்லாவில் உட்காரவைத்தேன். மெல்ல மெல்ல இரண்டொரு சொல் பாடினாள். சனிக்கிழமை வந்தது. கடையில் நாலு பையன்கள் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா கப்பலைப் பிடித்துவிட்டான். கப்பல் தப்ப வேண்டுமானால் ஒரு சொல் சொல்ல வேண்டும், அது டப்பிக்கு மட்டும்தான் தெரியும். டப்பி முன்னால் வந்தது. இடுப்பைத் தட்டியது. வாய் திறந்தது. சத்தமே இல்லை. மறுபடி தட்டியது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமே இல்லை.

'சொல்லு டப்பி, விடியறதுக்குள்ள சொல்லிடு' என்றது ஒரு பிள்ளை.

மறுபடி தட்டல். மறுபடி மௌனம்.

வேற்று கிரகத்து ராஜா கொட்டாவி விட்டான். 'நான் வேணா போயிட்டு நாளைக்கு வரட்டுமா?'

பையன்கள் மேசையை அடித்துச் சிரித்தார்கள். ஒருத்தனுக்குப் புரையேறியது. உள்ளே தோசைக்கல் முன்னால் நின்ற மாஸ்டர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். டப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார்.

மருமகன் போனில் கேபிள்காரரைப் பிடித்து என்னிடம் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்துவிட்டார்.

'சொன்ன மாதிரியே செஞ்சேனா அக்கா? பாத்தீங்கல்ல? பேசாமலே ஜனத்த சிரிக்க வெச்சது இத்தனை வருஷத்துல இதான் மொத தடவ. உங்களாலதான் வந்துச்சு இந்த யோசனை. உங்க கடையிலயும் சிரிச்சாங்களா?'

அந்தக் குரலில் கள்ளமே இல்லை. பரிசு வாங்கின பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்கிற மாதிரி இருந்தது. எனக்குத் திட்டக்கூட வரவில்லை. நான் பேசாமல் இருந்தேன். அவரும் பேசாமல் இருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

இப்போது நான் பெரம்பலூரில்தான் இருக்கிறேன், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு. வந்தவர்கள் கேட்பதை மகள் கேட்டுக்கொள்கிறாள். என் பக்கம் திரும்புகிறாள். அவள் வாய் சத்தமில்லாமல் அசைகிறது, அதை நான் பார்த்து உள்ளே குரல் கொடுக்கிறேன். எனக்குப் பாட வராது. வயசான தொண்டை வேறு.

'என்னம்மா சொல்றீங்க, ஒண்ணும் வெளங்கல' என்கிறார் மாஸ்டர் உள்ளேயிருந்து.

மறுபடி அவள் வாயைப் பார்க்கிறேன். மறுபடி சொல்கிறேன்.